பட்டியலில் இல்லாத வீடு

போன புரட்டாசியில் என் வீட்டு அரிசிப் பானை காலியாகிவிட்டது. அதே வீட்டில், அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு மூட்டை அரிசியும் இருந்தது. மாதா எனக்குச் செய்த உதவி அங்கேதான் தொடங்கியது. எனக்கு இப்படிக் கோயிலில் சாட்சி சொல்லிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் திண்டுக்கல் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கால் எலும்பு முறிந்து கட்டோடு படுத்துவிட்டார். நான் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். புரட்டாசியில் ஏது முகூர்த்தம்? ரேஷனாவது கிடைக்கும் என்று போனால், சோப்புத்தூளில் தேய்ந்த என் விரல்களை மெஷின் ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். நாளைக்கு வாங்க என்றார் கடைக்காரர். மறுநாளும் அதே கதை. வரிசையே என்னைப் பார்த்தது. வெட்கத்தில் மூன்றாம் நாள் போகவில்லை.

அதுவரை பள்ளிக்கூடம் காப்பாற்றியது. மூன்றாவது படிக்கும் என் சின்னவள் ஜெனிக்குக் காலையில் அங்கேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும். மதியம் அவளுக்கும் அவள் அக்காவுக்கும் சத்துணவு. காலாண்டு லீவு விட்டதும் இரண்டும் நின்றது. நான் எதைப் போடுவேன்?

எங்கள் அன்பியத்தில், அதாவது தெருவில் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் குடும்பக் குழுவில், எல்லா வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை டப்பாவில் எடுத்து வைப்போம். மாதக் கடைசிச் சனிக்கிழமை அதையெல்லாம் சேர்த்துக் கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கொடுப்போம். வீடு வீடாகப் போய் வாங்குகிறவள் நான். யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் எழுதுகிறவளும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமையும் சிரித்த முகமாகப் போய் வாங்கி வந்தேன். மூட்டையை இறக்கிவிட்டு மாதா படத்தின் முன்னால் முழங்காலிட்டேன். யாருக்கும் தெரியாமல் என் பிள்ளைகளுக்குச் சோறு கொடு தாயே என்று அழுதேன். பசிக்கிற நேரத்திலும் மானத்துக்கும் சேர்த்தே மனுப் போட்டிருக்கிறேன் பாருங்கள்.

ஜெனி மூட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இது யாருக்கும்மா?"

"சோறு இல்லாத வீட்டுக்குத்தா."

"அப்ப நமக்கும் உண்டா?"

மாதாதான் அவள் வாயால் கேட்கிறாள் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்பியத் தலைவி பிலோமி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். கண்ணும் கலங்கிவிட்டது. "ஏன்டி மேரி, ஊருக்கெல்லாம் எழுதுன. ஒன் வீட்ட எழுத மட்டும் கை வரலையாக்கும்?"

நான் கொண்டுபோன பட்டியலை வாங்கி, அதன் தலையில் என் பெயரை எழுதினார். அன்று மதியம் பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள். போட்டேன்.

திங்கட்கிழமை அக்காவே ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே கண்ணைப் பார்த்துப் பதியும் மெஷின் வந்திருந்தது. நான் போகாமல் விட்ட மூன்றாம் நாளே வந்துவிட்டதாம். ஒரே நிமிடத்தில் அரிசி கைக்கு வந்தது.

இப்போது என் கணவர் நடக்கிறார். எனக்கும் மண்டப வேலை இருக்கிறது. ஆனால் பழைய மேரி இல்லை. டப்பா வாங்கப் போனால் வாசலோடு திரும்புவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, "இன்னிக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கிறேன். போன மாதம் டப்பாவை நிறைத்துக் கொடுத்த ஒரு தங்கச்சி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தாள். அவள் வீட்டிலும் உலை ஏறவில்லை என்று எனக்குப் புரிந்தது.

தாய்க்கு நன்றி. உங்கள் பானை காலியானால் அவளிடம் அழுங்கள், அழுதுவிட்டு எங்களிடமும் வாருங்கள். பட்டியலில் முதல் வரியை இப்போதெல்லாம் நான் எழுதாமலே விட்டு வைக்கிறேன்.