மேடையில் சொன்ன காரணம்

தண்ணீர்த் தொட்டி கழுவித் தரும் கம்பெனியை அவள் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. மூன்று வண்டி, பதினொரு ஆட்கள். எம்.பி.ஏ. படித்தவள் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்குகிறாளே என்று முதலில் வாயைக் கோணிய சொந்தக்காரர்கள், இப்போது தங்கள் வீட்டுத் தொட்டிக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

படித்த கல்லூரியிலேயே பேச அழைத்தார்கள். போனாள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"வேலைக்குப் போகாம சொந்தமா தொழில் தொடங்கணும்னு எப்படித் தோணுச்சு அக்கா?"

உண்மை ஒற்றை வரிதான். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒன்பது நிறுவனங்களும் அவளை வேண்டாம் என்றுவிட்டன. தோழிகள் வேலைக் கடிதத்தோடு போட்டோ எடுத்துக்கொண்ட அன்று, 'நான் சொந்தமா பண்ணப் போறேன்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். சொன்னதற்காகவே ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அந்த வாரம் அண்ணன் வீட்டுத் தொட்டியில் பல்லி செத்துக் கிடந்தது. கழுவ ஆள் கிடைக்காமல் அவளே இறங்கிக் கழுவினாள். அப்படித்தான் இந்தத் தொழில்.

மைக்கைப் பிடித்து நின்றவளுக்கு முன்னால் இருநூறு முகங்கள். "கையில இருந்த வேலைய உதறிட்டு வந்தேன். அடுத்தவங்க கனவுக்கு நான் ஏன் உழைக்கணும்?" என்றாள்.

கைதட்டல் காதை அடைத்தது. முதல் வரிசையில் கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி இருந்தார். ஒன்பது முறையும் 'அடுத்தது பாத்துக்கலாம்மா' என்று அவளைத் தேற்றியவர். அவரும் தட்டினார், தரையைப் பார்த்தபடி. அவளுக்குக் காது மடல் சுட்டது.

மூன்று வாரம் கழித்து கம்பெனிக்கு ஒரு போன். "அன்னிக்கு உங்ககிட்ட கேள்வி கேட்டாளே, அவளோட அம்மா பேசுறேன். வந்த வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாம்மா. அந்த அக்காவே உதறிட்டு வந்தாங்கங்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போனாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் எதையும் உதறலம்மா. என்னை யாரும் எடுக்கல. ஒன்பது இடத்துல கேட்டேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையே சொல்லியிருந்தாலும் கை தட்டியிருப்போமே அக்கா. எதுக்குப் பொய்?"

"வாங்க, காலேஜுக்குப் போய் அந்த வேலை இன்னும் இருக்கான்னு கேப்போம்" என்று இவள் எழுந்தாள்.

மூவருமாக வேலைவாய்ப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தார்கள். அவர் அங்கேயே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. ஐந்து மாதம் அலைந்துதான் அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. 'சேர்ந்துட்டேன்' என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பியிருந்தாள். அதில் 'அக்கா' என்ற சொல் இல்லை.

அடுத்த வருடமும் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். நிறைய வேலை, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அன்று முழுக்க வீட்டில் சுருண்டு கிடந்தாள். என்னவென்று கேட்ட அண்ணியிடம் தலைவலி என்றாள்.