இடம் மாறிய மஞ்சள் கோடு

பொக்லைன் ஓட்டுகிறவர்களில் அவரைப்போல வண்டியை விட்டு இறங்குகிறவரை எங்கும் பார்க்க முடியாது. நாலு பக்கெட் மண் எடுப்பார், இறங்குவார். குழிக்குள் எட்டிப் பார்ப்பார். மண்வெட்டியை வாங்கித் தன் கையாலேயே ரெண்டு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் ஆமையண்ணன் என்று பேர் வைத்ததில் என்ன தப்பு? போனில்கூட "ஆமைதான் பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு அவருக்கே அது பழகிவிட்டது.

பிறக்கும்போதே ஆமையாகப் பிறக்கவில்லை மனுஷன். முன்பு வேறொரு தெருவில் மின்சாரக் கேபிள் ஒன்றை வெட்டிவிட்டார். அங்கே கேபிள் போகிறதென்று ஒருத்தனும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் விசாரணை என்று வந்தபோது கோடு போடாதவன் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். பக்கெட்டை இயக்கிய கை இவருடையது. அவ்வளவுதான், கதை முடிந்தது. அப்புறம் எந்தக் காண்ட்ராக்டரும் இவரை ஸீட்டில் ஏற்றவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, சம்பாதித்து வரும் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு கிடந்தார். கடைசியில் மனைவியின் தம்பிதான் கைகொடுத்தான். அவன் மேஸ்திரி. "எங்க மாமாவுக்கு நான் பொறுப்பு" என்று காண்ட்ராக்டரிடம் அடித்துச் சொல்லி ஏற்றிவிட்டான்.

"இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து கிளம்பிடணும்" என்று காண்ட்ராக்டர் சொன்னார். சும்மா சொல்கிற ஆளில்லை அவர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சாப்பாட்டுப் பையை நீட்டும்போது வீட்டில் ஒரே பாட்டு: "என் தம்பி மானத்தக் காப்பாத்துங்க."

இந்தத் தடவை வேலை ஒரு குறுகலான தெருவில். கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் எடுக்க வேண்டும். அதே தெருவுக்கடியில் எரிவாயுக் குழாயும் போகிறது. எரிவாயுக் கம்பெனி ஆள் வந்து, தெருவில் பரப்பியிருந்த கற்களின்மேல் மஞ்சள் பெயின்ட்டால் கோடு அடித்துவிட்டுப் போயிருந்தான். கோடு எதிர்வரிசைச் சுவரோரமாக, பள்ளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பார்க்க அம்சமாக இருந்தது.

அன்று காலையிலிருந்து மேஸ்திரிக்குக் காண்ட்ராக்டரிடமிருந்து போன்மேல் போன். கடைசியாக வந்த போனில் அவர் கத்தியது வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது: "என்னய்யா உங்க ஆமை, முட்டை போட உக்காந்துடுச்சா?" மேஸ்திரியின் முகம் செத்துப்போனது.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் இறங்காம ஓட்டுங்களேன். கோடுதான் அங்க கிடக்கே. எனக்காக."

எனக்காக என்று அவன் கேட்டுவிட்ட பிறகு எப்படி இறங்குவது? ஆமையண்ணன் கோட்டை ஒருமுறை பார்த்தார். மச்சானை ஒருமுறை பார்த்தார். "சரி மாப்ள" என்று பக்கெட்டை இறக்கினார்.

மண் மண்ணாகவே வந்துகொண்டிருந்தது. தையல்கடை வாசல் வந்தபோது லீவரில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. மண்ணுக்கு ஒரு கனம் உண்டு, பாறைக்கு ஒன்று உண்டு. இது ரெண்டுமில்லை. பக்கெட்டின் பல்லில் ஏதோ மாட்டி, நீண்டு, சட்டென்று விடுபட்டது. வண்டியை அணைத்து இறங்கினார்.

பள்ளத்தின் அடியில் மஞ்சள் குழாய். அதன் முதுகில் நகம் கீறியதுபோல ஒரு கீறல். சத்தமில்லை, நாற்றமில்லை.

மேஸ்திரி ஓடி வந்தான். "கோடு அங்க இருக்கு. குழாய் எப்படி இங்க வரும்?"

கேட்டுவிட்டு அவனே கோட்டைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே குந்திவிட்டான்.

"மாமா, குழாய் ஏத்திட்டு லாரி வந்தப்ப கல்லு உடைஞ்சிடும்னு பேத்து அடுக்கி வெச்சோம். லாரி போனதும் திரும்பப் பரப்பினோம். மஞ்சளுக்கு மஞ்சள் பாத்து நான்தான் சேக்கச் சொன்னேன். நூல் புடிச்ச மாதிரி வந்துச்சேன்னு சந்தோஷம் வேற பட்டேன். எந்த ஓரத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு எவனும் பாக்கல."

அட பாவிகளா! கோட்டை அழகாகச் சேர்த்திருக்கிறார்கள், தெருவின் வேறு பக்கத்தில்.

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினான். "ஓட்ட விழல மாமா. நாத்தமும் இல்ல. நாலு சட்டி மணலப் போட்டு மூடிடலாம். யாருக்குத் தெரியப்போவுது? வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பொழப்பு போச்சு. அக்காவ நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தார். நினைக்காமல் என்ன? சாப்பாட்டுப் பையும் உரித்த வெங்காயமும் கண்முன்னே வந்தன. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர் மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு மணலை அள்ளிக் குழாய்மேல் போட்டும் விட்டார்.

அப்போது தையல்கடை அம்மா வாசலுக்கு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம், தினமும் இவரை வம்புக்கிழுக்காமல் அவளுக்குப் பொழுது போகாது. "என்ன, ஆமை மறுபடியும் எறங்கிடுச்சா? எப்ப முடிச்சு எப்ப என் வாசல விடுவீங்க? நான் போயி இஸ்திரிப் பெட்டியப் போடறேன், ஸ்கூல் பிள்ளைங்க யூனிஃபார்ம் குடுக்கணும்." சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குழாயிலிருந்து ஒரு கிளை அவள் சுவருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. ஆமையண்ணனின் கையில் அந்த இழுப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"கீறல் இங்க இருக்கு மாப்ள. இழுபட்ட குழாய் எந்த எடத்துல விட்டிருக்கோ, யாரு கண்டா?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அழைப்பு மணியைத் தொடவில்லை. கதவை முஷ்டியால் இடித்தார். உள்ளே அவள் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, சுவிட்சத் தொடாதீங்க! எதையும் தொடாதீங்க! அப்படியே வெளிய வாங்க!"

"யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு?"

"வாங்கன்னா வாங்கம்மா!"

பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று அந்த வரிசைக் கதவுகளையெல்லாம் இடித்துக் காலி செய்தார். அப்புறம் மேஸ்திரியும் எதிர்வரிசைக் கதவுகளை இடிக்க ஆரம்பித்தான். தெருமுனை தாண்டிப் போய்த்தான் ஆமையண்ணன் போனையே எடுத்தார்.

கம்பெனி ஆட்கள் வந்து வால்வை மூடினார்கள். வாயுக் கசிவைக் கண்டால் கத்துகிற கருவியோடு ஒருவர் பள்ளத்தில் இறங்கினார். அது வாய் திறக்கவில்லை. மேஸ்திரி மாமாவைப் பார்த்தான், பாத்தீங்களா என்பதுபோல. கம்பெனிக்காரர் கருவியோடு தையல்கடைக்குள் போனார். பின்னறை வாசலுக்குப் போவதற்குள் அது அலறியது.

தரைக்கடியில் இணைப்பு விட்டுப் போயிருந்தது. "வாடைய மண்ணு வடிகட்டிடும். அதான் உங்களுக்குத் தெரியல" என்றார் வெளியே வந்து. "உள்ள இருக்கிற இஸ்திரிப் பெட்டியப் போட்டிருந்தா ஒரு பொறி போதும். யாரு தோண்டினது?"

"நான்தான்" என்றார் ஆமையண்ணன். "எறங்கிப் பாத்திருக்கணும். பாக்கல."

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே வந்து சேர்ந்திருந்த காண்ட்ராக்டர் கை நீட்டினார். வண்டிச் சாவி கைமாறியது.

தையல்கடை அம்மாவுக்கு விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. நேரே வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "என்னக் கொல்லப் பாத்தியே, படுபாவி! கண்ணு எங்கய்யா போச்சு உனக்கு? என் பிள்ளைங்க அநாதையாயிருக்குமே!"

"ஆமாம்மா" என்றார் அவர். வேறு என்ன சொல்வது? அவள் சொன்னதில் பொய் ஏது? தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் உலுக்க உலுக்க அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனது.

மேஸ்திரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அவர விடுங்கம்மா! கல்ல மாத்திப் பரப்பச் சொன்னது நான். எறங்காம ஓட்டுங்கன்னு கெஞ்சினதும் நான்தான். மூடிடலாம்னு சொன்னதும் நானு."

காண்ட்ராக்டர் அவனையும் பார்த்தார். நீயும் கிளம்பு என்பதுபோலத் தெருமுனைப் பக்கம் கை காட்டினார்.

ரெண்டு பேரும் ஒரே பைக்கில் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மச்சான் ஓட்ட, ஆமையண்ணன் மடியில் காலி சாப்பாட்டுப் பையோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். வீட்டுத் தெரு நெருங்க நெருங்க வண்டி ஆமையாக ஊர்ந்தது. முனையில் நின்றே விட்டது.

"மாமா, அக்காகிட்ட யாரு சொல்றது?"

ஆமையண்ணன் இறங்கி நின்றார். பொத்தான் போன இடத்தில் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"தோண்டினவன்தான் சொல்லணும், நானே சொல்றேன். நீ கூட வந்து நில்லு, போதும்."