பொட்டலம் நிறையட்டும்

போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஆள் வெளியூரில் எவரிடமும் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா திரும்பிவிட முடியாது. "போடியா? அப்ப ஏலக்காய்க்குப் பஞ்சமில்லை" என்பார்கள். அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் கொண்டுவரச் சொல்வார்கள். போடியில் பிறந்த ஒவ்வொருவன் வீட்டுக் கொல்லையிலும் ஏலச்செடி ஆளுயரத்துக்கு நிற்கிறது என்று மதுரைக்காரர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. மலையில் எந்தத் தோட்டம் யாருக்குச் சொந்தம் என்கிற விவரமெல்லாம் அவர்களுக்கு எதற்கு?

போடிக்குப் பக்கத்துச் சிலமலைக் கிராமத்து ராக்கையா மகன் திருப்பதிக்கு மலையில் ஒரு செடிகூடக் கிடையாது. அப்பனுக்கு இருந்தது ஊருக்கு மேற்கே ஒரு துண்டு மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் மண். வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் அம்மா கருத்தம்மாளால்தான். அவள் தினமும் பஸ் ஏறிப் போடிக்குப் போய், உக்கிரபாண்டி முதலாளியின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். சுளகில் கொட்டிய காயில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்ல பச்சைக் காயைத் தனியே ஒதுக்க வேண்டும். சாயங்காலம் அவள் பஸ்ஸில் ஏறினால் பஸ் முழுக்க ஏலக்காய் மணக்கும். அந்த வாசத்தைத் தவிர வேறு எதையும் கடையிலிருந்து கொண்டுவர முடியாது. வேலை முடிந்ததும் பெண்கள் வாசலில் வரிசையாக நின்று, முந்தியை உதறி, மடியை அவிழ்த்து, தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்கலாம்.

எழுபத்தெட்டாம் வருஷம் திருப்பதி பி.காம். தேறினான். அவன் தெருவில் அதுதான் முதல் பட்டம். பாஸானதும் வேலை வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவனும்தான். வந்து நின்றது கேள்விதான். மேலே படிக்கப் போகிறாயா, வேலைக்குப் போகிறாயா? ராக்கையாவுக்குச் சந்தேகமே இல்லை. மாட்டைப் பழக்கியாயிற்று, இனி ஏரில் பூட்ட வேண்டியதுதானே என்றார். கருத்தம்மாளுக்கு மட்டும் மகன் இன்னும் பெரிய படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்புக்குப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆசைப்படப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

திருப்பதி இரண்டு பேர் சொல்லையும் கேட்டான். ஒரே நாளில் மதுரைக்கு ரயிலேறி இரண்டு காரியத்தையும் பார்த்து வந்தான். காலையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்கு இன்டர்வியூ. மேனேஜர் அவன் மார்க்கைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்தார். "போடியா? நல்ல ஏலக்காய் கிடைக்குமே" என்றார். மதியம் ஒரு கல்லூரியில் எம்.காம். சேர்க்கை. அங்கே இருந்த பேராசிரியர் மார்க்கைப் பார்த்தார், நல்ல மார்க்குதான் என்றார், இடம் உண்டு, அடுத்த மாசம் பதினைந்தாம் தேதிக்குள் பணம் கட்டிச் சேர்ந்துகொள் என்றார். அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, "வர்றப்ப கொஞ்சம் ஏலக்காய் வாங்கிட்டு வாய்யா" என்றார்.

ரயிலில் திரும்பும்போது திருப்பதிக்கு ஒரே பூரிப்பு. இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டார்கள். கேட்கிறார்கள் என்றால் தரப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? வெறுங்கையோடு எந்த ஆபீஸ் படியையும் ஏறிப் பழகாத ஊரில் வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான். பட்டாவுக்குக் கோழி, பத்திரத்துக்கு நெய் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அது. பி.காம். பாடத்தில் அதற்கு மருந்து சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். கடையில் விலைக்கு வாங்குகிற பேச்சே இல்லை, முதல் தரக் காய் அந்த வீட்டுக்கு எட்டாத சரக்கு. "முதலாளிகிட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்றாள் கருத்தம்மாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு பிடி காய் வீட்டுக்கு வந்தது. முதலாளி தந்தார் என்றாள். திருப்பதி அதற்கு மேல் கேட்கவில்லை. ஒவ்வொரு பெண்ணையும் முந்தியை உதறச் சொல்கிற முதலாளி, ஒரு பெண்ணுக்கு மட்டும் தினமும் பிடி பிடியாக அள்ளிக் கொடுப்பாரா என்று கணக்குப் படித்த மூளைக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தள்ளி வைத்துக்கொண்டான். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உள்ளே போய்க் கொண்டையை அவிழ்த்து முடிகிறாள் என்பதையும் பார்த்தான். அதையும் தள்ளி வைத்தான்.

முதல் பொட்டலம் நிறைந்ததும் யாருக்குக் கொடுப்பது என்ற கவலை வந்தது. மேனேஜருக்குக் கொடுத்தால் வேலை, பேராசிரியருக்குக் கொடுத்தால் படிப்பு. இருப்பதோ ஒரு பொட்டலம். இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தான். கடைசியில், சம்பளம் வருகிற பக்கம் முதலில் போகட்டும் என்று மேனேஜரிடம் போனான். மேனேஜருக்கு அவன் முகமே ஞாபகமில்லை. பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு மேஜைக்குள் வைத்தார். தபால் வரும் என்றார். திருப்பதி தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நின்றான். தபால்காரரே அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுச் சைக்கிளை வேறு தெரு வழியாக ஓட்ட ஆரம்பித்தார். அந்த வேலைக்கு மேனேஜரின் மைத்துனர் மகன் எப்போதோ சேர்ந்தாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

இனிப் படிப்புத்தான். ராக்கையா இரண்டு ஆட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் பொட்டலம் பாதிதான் நிறைந்திருந்தது. பதினைந்தாம் தேதி வந்தது.

"தேதி சொன்னாகளே அப்பு, போயிட்டு வந்துரு" என்றாள் கருத்தம்மாள்.

"வெறுங்கையோட போயி என்ன செய்ய ஆத்தா? பொட்டலம் நெறையட்டும். அதக் கொண்டுபோயிக் குடுத்தா தேதியெல்லாம் பாக்க மாட்டாக."

அவளும் ஒத்துக்கொண்டாள். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வாரம் கொண்டையில் கொஞ்சம் கூடுதலாகவே காய் வந்தது.

பொட்டலம் நிறைந்து அவன் கல்லூரிக்குப் போனபோது, பேராசிரியர் பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மகள் கல்யாணம் வருகிறதாம், மதுரையில் இப்படிக் காய் கிடைப்பதில்லையாம். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பணத்தை எடுத்தார். திருப்பதிக்குப் புரியவில்லை. வேண்டாம் சார் என்றான். அவர் விடவில்லை, கையில் திணித்தார்.

"சீட்டு, சார்?" என்றான்.

"நீ வரவே இல்லையேப்பா. உன் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு வேற பையனைச் சேர்த்தாச்சு" என்றார். நிஜமாகவே அவருக்கு வருத்தம்தான். பொட்டலம் இல்லாமல் அவன் வந்திருந்தாலும் சேர்த்திருப்பார். அதுதான் திருப்பதியால் தாங்க முடியவில்லை. தட்டிப் பறித்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். விலை கொடுத்து வாங்கிய மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

பேராசிரியர் கொடுத்த பணத்தோடு மறுநாள் அவன் வீடு வந்தபோது கருத்தம்மாள் வேலைக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் ஏலக்காய் வாசம் இல்லை. பிறந்ததிலிருந்து அம்மா என்றால் அந்த வாசம்தான். முதலில் அவனுக்கு உறைத்தது அதுதான்.

அவன் மதுரைக்குக் கிளம்பியதற்கு முதல் நாளே அவள் பிடிபட்டிருந்தாள். வரிசையில் நின்றபோது கொண்டை கனம் தாங்காமல் அவிழ்ந்து, அத்தனை பெண்களுக்கும் முன்னால் காய் பொலபொலவென்று கொட்டிவிட்டது. போகிற காரியம் கெட்டுவிடக் கூடாது என்று மகனிடம் மூச்சு விடவில்லை.

"சீட்டுக் கெடச்சுதா அப்பு?" என்றாள்.

இல்லை என்றான்.

பேராசிரியர் கொடுத்த பணத்தைக் காய்க்கு ஈடாக எடுத்துக்கொண்டு திருப்பதி கடைக்குப் போனான். உக்கிரபாண்டி கெட்டவர் இல்லை. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார். போலீசுக்குச் சொல்லவில்லை, ஊரைக் கூட்டவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பி.காமா நீ? சும்மாதான இருக்க. சாயங்காலம் வாசல்ல நிக்க ஒரு ஆளு வேணும். பொம்பளைகளைச் சோதிக்க இனி படிச்ச ஆளு இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். உன் ஆத்தாளையும் வரச் சொல்லு. நீ நிக்கிறப்ப அவ எடுக்க மாட்டா, நீயும் எடுக்க விட மாட்ட" என்றார். யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

கணக்கெழுதும் இடம் ஏதும் காலியில்லையா என்று திருப்பதி கேட்டான். அதை மருமகன் பார்க்கிறார் என்றார் முதலாளி. வேறு எந்தக் கடையிலும் கருத்தம்மாளைச் சேர்க்க மாட்டார்கள், செய்தி அதற்குள் பஜார் முழுக்கப் போயிருந்தது. வீட்டில் ஆடும் இல்லை, மழையும் இல்லை, ஆடு விற்ற பணம் எத்தனை நாளைக்கு வரும்? அடுத்த வருஷம் எம்.காம். பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் நிற்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அடுத்த வருஷமும் சொன்னான். எண்பத்தாறில் அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் என்ன உத்தியோகம் என்று கேட்டபோதும் அவன் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் அந்த வாசலில் நின்ற மற்ற நாளெல்லாம் முதல் நாளுக்கு ஈடாகாது. கடையில் புதுச் சட்டம் வந்திருந்தது. முந்தி, மடி, தூக்குச்சட்டியோடு இனிக் கொண்டையையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். யாரால் வந்த சட்டம் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். காதில் விழும்படி வைதுகொண்டே ஒவ்வொருத்தியாக முடியை உதறிவிட்டுப் போனார்கள். வரிசையின் கடைசியில் கருத்தம்மாள் நின்றாள். இழவு வீட்டில் தவிர அவள் ஆம்பளைகள் முன்னால் தலைமுடியை விரித்துத் திருப்பதி பார்த்ததில்லை. "நீ போ ஆத்தா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவள் போகவில்லை. கொண்டையை அவிழ்த்தாள். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது. இரண்டு கையாலும் பிரித்து உதறினாள்.

"நிமிந்து பாரு அப்பு" என்றாள். "நீ பாக்காம விட்டேன்னு சொல்லி, உன் சோலிக்கும் ஒல வச்சுருவாளுக."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சரி, போ என்று மற்றவர்களிடம் சொன்னதைப் போலவே அவளிடமும் சொன்னான்.