காட்டுப்பாக்கத்துக் கலோரிப் பலகை

காலை 7.10, ஆவடி. என் எடை எண்பத்தொன்பது கிலோ. அதில் பதினைந்து என்னுடையதல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாருடையது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளை அழைத்துவிட்டார். காட்டுப்பாக்கத்தில் ஒரு டிபன் கடையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி எழுதிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதின்மூன்று கிலோமீட்டர் பயணம் கிளம்பினேன். மெலிவதற்காக இவ்வளவு தூரம் உட்கார்ந்தே போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

7.55, பூந்தமல்லி. பஸ்ஸுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது. கடையைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நம்பர் கடையா? நான் போறதில்ல சார்."

"ஏன், ருசி இல்லையா?"

"ருசிலாம் சோக்கா கீது. உள்ள எவனும் பேச மாட்றான். சாவு ஊட்ல துன்ற மாரி கீது."

8.15. உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். சமையலறை ஜன்னலை ஒட்டிக் கரும்பலகை: இட்லி இரண்டு, 130. உப்புமா, 280. பொங்கல், 480. எல்லாத் தட்டிலும் இட்லி. சாம்பார் ஊற்றுகிற சத்தம் கடைசி மேஜைவரை கேட்டது. நானும் இட்லி சொன்னேன், முப்பது ரூபாய்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சரோஜா அம்மாள். அடுத்த தெருவில் தையல் கடை. காலால் மிதிக்கும் மெஷின். வலது முட்டி போய்விட்டது. எட்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று மாதமாகக் காலையும் ராத்திரியும் இந்தக் கடைதான்.

"பலகை சொல்றதத் தாண்டி ஒரு வாய் துன்றதில்ல சார்."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"ரெண்டு கிலோ ஏறிக்கீது. ஆஸ்பத்திரில எடை மெஷினு ரிப்பேரு போல."

8.40. ஜன்னலிலிருந்து ஒரு கை வந்தது. கை மட்டும், முழங்கைவரை மாவு. ஈரத்துணியால் இட்லியின் 130-ஐத் துடைத்து 410 என்று எழுதியது. பொங்கலின் 480-ஐத் துடைத்து 190 போட்டது. உள்ளே போயிற்று.

முப்பது தலைகளும் பலகைக்குத் திரும்பின, தட்டுக்குத் திரும்பின. ஒருவர் வாயருகே போன இட்லித் துண்டை ஓசைப்படாமல் தட்டில் வைத்தார். அது நான்தான் என்பது சற்றுப் பிறகே தெரிந்தது.

"பொங்கல்" என்றது ஒரு குரல். "பொங்கல்." "பொங்கல்." சரோஜா அம்மாளும் சொன்னார்.

எழுந்துபோய் ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன். மாஸ்டருக்கு என் வயதுதான். அண்டா நிறையப் பொங்கல். இட்லிப் பானை காலி.

"என்னங்க, நம்பர் மாறுது?"

"இட்லி தீந்துபோச்சி, பொங்கல் அப்டியே கீது. இன்னா பண்ணச் சொல்ற அண்ணாத்தே? வாயால சொன்னா கேக்க மாட்றானுங்க. எழுதிப் போட்டா துன்றானுங்க."

திரும்பி வந்து சரோஜா அம்மாளிடம் சொன்னேன். நெய் மினுங்கும் பொங்கலில் அவர் விரல்கள் நின்றன. மூன்று மாதத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"மாஸ்டரு, நெசத்தச் சொல்லு. இந்தப் பொங்கல்ல எவ்ளோ கீது?"

மாஸ்டர் அவருடைய காலைப் பார்த்தார். குரலில் அசல் இரக்கம்.

"உனக்கு எவ்ளோ வோணும்மா?"

கை வந்தது. 190 அழிந்து 90 ஆயிற்று.

சரோஜா அம்மாள் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தார்.

9.05. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றேன். எங்கள் வீட்டில் பலகை கிடையாது. "போதும், எழுந்திரிங்க" என்று மனைவி சொல்வாள். இருபது வருடமாக அவளோடு சண்டை போடுகிறேன். சாக்பீஸோடு சண்டை போட எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். சரோஜா அம்மாள் இரண்டாவது தட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.