ஜொகூர் சம்மனும் என் சிங்கப்பூர் லைசென்ஸும்

இன்றைக்குக் காலையில் என் லைசென்ஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். பதறி எழுந்ததில் பாதி காப்பி வேட்டியில்.

சங்கதி இதுதான். போன வாரம் மலேசியப் பக்கம் ஜொகூரில் வெங்காய லாரியை வேகமாக ஓட்டினேன் என்று போலீஸ்காரர் சம்மன் எழுதிவிட்டார். சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் அதைப் பார்த்த மளிகைக்கடை காசிம் பாய் சொன்னார்:

"அண்ணே, போன வருஷம் வரைக்கும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாடு. இப்ப இது வெளிநாட்டுக் குத்தம்லா! இங்க லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது. வேறு தொழில் தெரியாது. வீட்டில் ஆறு வயிறு.

ஓடினேன் லைசென்ஸ் ஆபீசுக்கு. கவுண்டரில் நம்ம தமிழ்ப்பிள்ளை ஒருவர்.

"எவ்வளவு வேகத்துல போனீங்கண்ணே?"

"எழுபது மைல்! போலீஸ் மோட்டார் சைக்கிளே பின்தங்கிடுச்சு தம்பி!"

அவர் பேனாவை எடுத்தார். "அப்படியே எழுதிக்கவா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அடக்கம் கருதி நாற்பத்திரண்டு என்று குறைத்துக்கொண்டேன். சம்மனிலும் அதுதான் இருக்கிறது.

சிரித்தார். "இப்ப ஒண்ணும் ஆகாது. ஆனா சொன்ன தேதிக்கு ஜொகூர் கோர்ட்டுக்குப் போயிடுங்க. போகாம விட்டா அங்க வாரண்டு போடுவாங்க. அவங்க இங்க எங்களுக்கு லெட்டர் எழுதிட்டா, அப்புறம் உங்க லைசென்ஸுக்கு நான் பொறுப்பில்ல."

வியாழக்கிழமை கோர்ட்டு. லாரியைத் தொடவே பயமாயிருக்கிறது. பஸ்ஸா, ரயிலா, எது மெதுவாகப் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.