பாட்டிலுக்கு முன்னால் ஒரு ஷிப்ட்

என் அக்கா புருஷன் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுகிறவர். அந்த வேலையில் பாதி, பார்ப்பதுதான். அழுத்தம் காட்டும் முள்ளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட முள்ளைத் தவறவிட்டதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியைத்தான் தவறவிடுவார். அப்படிக் குடி. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், மூன்றாம் நாள் அது காற்றோடு போய்விடும். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடியை விட நினைப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தியான வகுப்பு நடக்கிறதென்று அக்கா அவரை இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடினால் கடையும் மூடிவிடுமா என்று நான் கேலி செய்தேன். வகுப்பெடுத்த அம்மா மந்திரம் எதுவும் சொல்லவில்லையாம். குடிக்கத் தோன்றும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள், மூச்சைக் கவனித்தபடி அது உடம்பில் எங்கே ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாராம். பார்ப்பதா! மச்சானுக்கு அது கைவந்த வேலை. நாற்பத்தேழு நாள் சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்: வீட்டுக்குள் ஒரு பாட்டில் வந்தால் அன்றைக்கே மகளோடு கிளம்பிவிடுவேன்.

ஞாயிறு மதியம் அக்காவும் நானும் கடைக்குப் போய்த் திரும்பினோம். சமையலறை மேஜையில் பாட்டில் நின்றது. எதிரே பேனாவும் கையுமாக மச்சான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அக்கா நேராக உள்ளே போய், பெட்டியை இழுத்து மகளின் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மச்சானின் முகம் வெளுத்தது. ஆனால் எழவில்லை.

"மாப்ளே, மூடியப் பாரு, திறக்கல. இப்ப ஏறிட்டிருக்கு. இறங்கினதும் பேசுறேன்."

மூடி முழுசாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டு. நேரம், தொண்டை, கை, ஆசையின் அழுத்தம் பத்துக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. புது பாய்லரை ஓட விடுமுன் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். இந்தப் பாவி மனுஷன் தன்னையே அப்படிச் சோதிக்கிறார். வகுப்பெடுத்த அம்மா கண்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அக்காவைக் கூப்பிட்டேன். பெட்டியோடு வந்து சமையலறை வாசற்படியில் நின்றாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மணி மூன்று பத்து, அழுத்தம் எட்டு. மூன்று இருபது, ஒன்பது. அவர் கை மெல்ல பாட்டில் பக்கம் நகர்ந்தது. அந்தக் கையையும் அவர் பார்த்தார். 'கை போகிறது' என்று எழுதினார். நீளமாக மூச்சு விட்டார். அடுத்ததும் ஒன்பது. நெற்றியில் வேர்வை கொட்டியது. பிறகு ஏழு. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இறங்குது மச்சான், இறங்குது என்று என்னையறியாமல் கத்தினேன். சும்மா இரு என்று கை காட்டினார். நான்கு. நாலு மணிக்கு இரண்டு.

அக்கா பாட்டிலை எடுத்துத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இன்னொரு தடவ இந்தச் சனியன வாங்கினா, நீங்க பாத்துட்டே இருங்க, நான் போயிட்டே இருப்பேன்."

"பாட்டில் இல்லாமலே அந்த ஆசை வரும்," என்றார் மச்சான். "தினமும்தான் வருது."

அக்கா நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்தேழு நாளும் அதில் இருந்தது. டீவி பார்க்கிறார், சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்த மாலை ஒவ்வொன்றிலும் எட்டு, ஒன்பது, எட்டு. ஒருவரிடமும் சொன்னதில்லை. இவரையா கேலி செய்தேன்!

பாய்லர் அறையில் அடுத்து வருகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் இருப்பவர் எழுந்து போகலாம். பழக்க தோஷத்தில் மச்சான் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். நாற்பத்தேழு பக்கமும் அது காலியாக இருந்தது. அக்கா பேனாவைப் பிடுங்கி அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"எழுந்திரிங்க," என்றாள். "அடுத்த ஷிப்ட் நான் பாத்துக்கிறேன்."