கம்பிச் சக்கரம் போட்ட அம்பாசிடர்

அறுபத்திரண்டாம் வருடம், விருதுநகரில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம். டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு, மாமாவின் கார் ஒர்க்‌ஷாப்பில் உதிரி பாக ஆர்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கார் படுத்துவிட்டால் அதை இழுத்து வருவது பெரும்பாடு. அதனால் காரின் சொந்தக்காரர்கள், கல்யாணத்தில் அந்தக் காரோடு எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதைக் கொடுத்துவிடுவார்கள். சக்கர மூடி, பம்பர், கதவோரம் ஓடும் நிக்கல் பட்டை என்று வரிசையாகப் பார்த்து, இன்ன வண்டி என்று நான் சொன்ன பிறகுதான் மதுரைக்கு ஆர்டர் போகும்.

அந்த வாரம் தரகர் ஒரு படம் கொண்டுவந்தார். அதுவும் கார்ப் படம்தான். ஆனால் எனக்கு வந்த வரன். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் பட்டாசு லேபிள் வரைகிறவர், காரில் சாய்ந்து நின்றிருந்தார். "காரைப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரகர் காப்பியைக் குடித்தார். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் என்று அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிடித்திருந்தது. பிறகு பழக்கதோஷத்தில் கண் கீழே போயிற்று. காரின் உடம்பு புத்தம்புது அம்பாசிடர். சக்கரமோ யுத்தத்துக்கு முந்தைய வண்டிகளில் இருந்த கம்பிச் சக்கரம். நிக்கல் பட்டை கதவு இடுக்கில்கூட விட்டுப்போகாமல் ஒரே கோடாக ஓடியது. அவருக்கு நிழல் விழுந்திருந்தது, காருக்கு விழவில்லை.

"இது காரே இல்லப்பா. பலகையில வரைஞ்சது" என்று சொல்லிவிட்டேன்.

"பலகையைக் காட்டியா பொண்ணு கேக்காக? வரட்டும், பேசிக்கிடுதேன்" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரை அந்த முகம்தான் மனதில் நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததுமே அப்பா ஆரம்பித்தார். "காரை எங்கன நிப்பாட்டியிருக்கீக?"

மாப்பிள்ளையின் அம்மா விழித்தார். "காரா? பஸ்ஸுலல்ல வந்தோம்!"

அப்பா படத்தை நீட்டினார். பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆத்தி! இது பொருட்காட்சி ஸ்டுடியோவுல எடுத்தது. ஊரே இதுல சாஞ்சு நின்னுருக்கு. தரகர் படம் கேட்டாரு, இவன்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

"எங்க பொண்ணு பாத்ததுமே பலகைன்னுட்டா" என்றார் அப்பா. குரலில் விறைப்பு குறையவில்லை.

மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்தார். "எதை வச்சு?"

கதவோரம் நின்றபடியே சக்கரம், பட்டை, நிழல் என்று மூன்றையும் சொன்னேன்.

"அதை வரைஞ்சதே நான்தான்" என்றார் அவர். "நான் பாத்து வரைஞ்ச படத்துல, சக்கரத்தை மறைச்சுப் புள்ளைக உக்காந்திருந்துச்சுக. சக்கரத்தை மட்டும் முதலாளி வீட்டுப் பழைய படத்துல இருந்து எடுத்தேன். அம்புட்டுப் பேரு பாத்தாக, ஒருத்தரும் கேக்கலை." கொஞ்சம் தயங்கி, "சரியான சக்கரம் எப்படி இருக்கும்னு சொல்லுறீகளா? மாத்திப்புடுதேன்" என்றார்.

"தம்பி, பொண்ணு பாக்க வந்தீகளா, பாகம் ஆர்டர் குடுக்க வந்தீகளா?" என்று மாமா கேட்க, அப்பாவும் சிரித்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்தப் படத்தில் எது பொய் என்று நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்பது நேரில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அதனால் இன்றும் என் கண்ணை நம்புகிற அளவுக்கு என் முடிவுகளை நான் அவசரப்பட்டு நம்புவதில்லை.